டார்லா ஓடினால் ஓரம்

பந்து கைக்கு வந்த பிறகும் மாரிசோல் நின்றாள்.

கண் மூடித் திறக்கும் நேரம்தான். ஆனால் ஏரிக்காற்றில் விறைத்துப்போய் லொரேன் ஊர் மைதானத்துப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பெரிய நேரம். முட்டை வடிவப் பந்தை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தன் அணியின் முன்வரிசைப் பெண்களுடைய முதுகுக்குப் பின்னால், கடை திறக்கக் காத்திருப்பவள் போல நின்றாள். அதற்குள் எதிரணிக்காரிகள் மூன்று பேர் உள்ளே புகுந்து அவளை மல்லாத்திவிட்டார்கள்.

"பஸ்ஸுக்கு நிக்கிறியா?" என்று மேல்படியிலிருந்து ஒருவன் கத்தினான். "சனிக்கிழமை இந்தப் பக்கம் பஸ் வராதும்மா!"

கோட்டுக்கு வெளியே நின்றிருந்த இலோனா கோவாச் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அவள்தான் கோச். பந்து தங்கள் கையில் இருக்கும்போது யார் எங்கே நிற்பது, யார் யாரை மறிப்பது, யார் எந்தப் பக்கம் ஓடுவது எல்லாம் அவள் வகுத்தது. அந்தப் பருவத்தில் அது இரண்டாவது ஆட்டம். இரண்டாவது தோல்வி.

ஆட்டம் முடிந்ததும் மாரிசோலைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏம்மா நின்னே?"

"வழி திறக்கல கோச்."

"நடுவுல எதுக்கு வழி பாக்கறே? நான் சொன்னது ஓரமா ஓடுன்னு."

"ஓரத்துக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க வந்து நிக்கிறாங்க. விருந்துக்கு வந்த மாதிரி."

"ட்ரீனா போவாளே."

"ட்ரீனா மானு. நான் மாடு. மாட்டை மானு மாதிரி ஓடுன்னா எப்படி?"

இலோனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

அவள் வகுத்த ஆட்டமெல்லாம் ஓர ஓட்டம். ட்ரீனாவுக்காக வகுத்தது. பந்து ட்ரீனா கைக்குப் போகும். அவள் மைதானத்தின் ஓரத்தைப் பார்த்துப் பாய்வாள். அதே நொடியில் முன்வரிசையிலிருந்து டார்லா கழன்று அவளுக்கு முன்னால் ஓடி, குறுக்கே வருகிறவளை இடித்துத் தள்ளி வழி விடுவாள். ட்ரீனா கொலம்பஸ் நகரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு வந்தவள் மாரிசோல். நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். குட்டை, அகலம், தொடை இரண்டும் தூண். ஆள் மாறிவிட்டாள். ஆட்டம் மாறவில்லை.

"எனக்கு நடுவுல குடுங்க கோச்," என்றாள் மாரிசோல். "முன்னால நிக்கிறவங்க இடிச்சதும் விட்டுட வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சு வைக்கட்டும். எங்கயாவது ஒரு சந்து திறக்கும். திறந்தா என்னை யாரும் புடிக்க முடியாது."

"யாரு அவ்ளோ நேரம் புடிப்பா?"

மாரிசோலின் கண் பெஞ்சுப் பக்கம் போனது. அங்கே வாண்டா உட்கார்ந்து, கால் உறையைக் கழற்ற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. ஓடச் சொன்னால் நடப்பாள். நடக்கச் சொன்னால் உட்காருவாள். ஆனால் பயிற்சியில் இரண்டு பேர் சேர்ந்து தள்ளியும் அவளை ஓர் அடி நகர்த்த முடிந்ததில்லை. வாண்டா நிற்க வேண்டிய இடத்தில் இப்போது நிற்பவள் டார்லா.

ஆட்டத்தை மாற்றாததற்கு இலோனா யாரிடமும் சொல்லாத காரணம் அதுதான்.

டார்லா அவளுடைய சிநேகிதி. இரண்டு பேரும் ஒரே நாளில் இந்த அணிக்கு வந்தவர்கள். இலோனா ஆடுவதை விட்டுக் கோச் ஆனாள். டார்லா இன்னும் ஆடுகிறாள். தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற வேலை, ஒல்லி உடம்பு, இரண்டு தடவை கீறித் தைத்த முட்டி. இதுதான் கடைசிப் பருவம் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டாள். நடுவில் நின்று பாரம் தாங்க அவளால் ஆகாது. ஓடுவாள், ஓடிப்போய் இடிப்பாள். அது ஒன்றுதான் அவளுக்கு வரும். நடு ஆட்டம் என்றால் டார்லா பெஞ்சில் உட்கார வேண்டும்.

*

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாதா கோயில் கூடத்தில் மீன் வறுத்து விற்பது அணியின் வழக்கம். வெளியூர் ஆட்டத்துக்கு வண்டி பிடிக்கிற செலவு அதில்தான் வரும். டார்லா எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றாள். இலோனா முட்டைக்கோஸ் நறுக்கினாள்.

"என்னடி, கோஸை இந்த வெட்டு வெட்டறே?" என்றாள் டார்லா. "அது உனக்கு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா உன் மூஞ்சி இப்படி இருக்காது. யாராவது செத்தாதான் இப்படி இருக்கும்."

"மீனைப் பாரு, கருகுது."

"மீனை நான் பாத்துக்கறேன். நீ சொல்லு. வாண்டாவை என் இடத்துல போடப் போறே, அதானே?"

இலோனாவின் கத்தி நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? எனக்குக் கண்ணில்லையா? அந்தப் பொண்ணு பின்னால நின்னுக்கிட்டு, 'யாராவது கதவைத் திறங்க'ங்கிற மாதிரி பாக்குது. நான் ஓரமா ஓடிப் போய்த் திரும்பிப் பாத்தா, பின்னால ஆளே இல்ல. நான் மட்டும் தனியா. பைத்தியக்காரி மாதிரி."

"உனக்காகத்தான்டி யோசிச்சேன்."

"எனக்காக ரெண்டு ஆட்டம் தோத்துட்டே. மூணாவதும் தோத்தேன்னா ஊர்ல என்னைத்தான் பேசுவாங்க. 'டார்லா கிழவியை வெச்சு அழகு பாக்கறா'ம்பாங்க."

"அப்ப உனக்குக் கோபமில்லையா?"

டார்லா ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். எண்ணெய் தெறித்தது.

"கோபம் இல்லேன்னு நான் எப்ப சொன்னேன்? நல்லாவே கோபம். பெஞ்சுல உக்காந்து முடிக்கவா இவ்ளோ வருஷம் முட்டியை உடைச்சுக்கிட்டேன்? ஆனா அதுக்காக நீ தோக்கணும்னு இல்ல. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் கிண்டாதே."

"ஆடவே விடமாட்டேன்னு சொல்லல. அப்பப்ப—"

"பிச்சை போடாதே இலோனா," என்றாள் டார்லா. "தட்டை நீட்டு. மீன் வெந்துடுச்சு."

*

அடுத்த வாரப் பயிற்சியிலேயே ஆட்டம் மாறியது. ஓர ஓட்டங்களில் முக்கால்வாசியை இலோனா தூக்கிப் போட்டாள். முன்வரிசைப் பெண்களை நெருக்கி நிற்க வைத்தாள். இடித்துவிட்டு அடுத்தவளைத் தேடி ஓடிப் பழகினவர்கள் அவர்கள். இப்போது இடித்தவளை விடாமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பது போல நிற்கச் சொன்னாள்.

"எவ்ளோ நேரம் கோச்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மாரிசோல் உன்னைத் தாண்டிப் போற வரைக்கும்."

"அவ எப்பப் போவா?"

"அவளுக்கே தெரியாது," என்றாள் இலோனா.

எல்லோரும் சிரித்தார்கள். வாண்டா மட்டும் சிரிக்காமல் காலை அகட்டி நின்றாள். "நிக்கறதுதானே? என்னை எங்க வீட்டு சோபாவுல இருந்து எழுப்ப என் மாமியாராலயே முடியல. இவங்க யாரு எழுப்ப?"

மூன்றாவது ஆட்டத்தில் மாரிசோல் பந்தோடு நின்றாள். படிகளில் இருந்தவர்கள் கத்தினார்கள். வாண்டாவின் தோளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் புகும் அளவு சந்து விழுந்தது. அதில் அவள் நுழைந்தாள். நுழைந்த பிறகு நிற்கவே இல்லை. இரண்டு பேர் தோளில் தொங்க, அவர்களையும் இழுத்துக்கொண்டு போய் விழுந்தாள். நாலு வாய்ப்பில் பத்து கஜம் போனால் போதும் என்கிற ஆட்டத்தில், அவள் ஒவ்வொரு தடவையும் நாலு, ஐந்து கஜம் கொண்டுவந்தாள். பார்க்க அழகாக இல்லை. ஜெயித்தார்கள். அதற்கடுத்ததும் ஜெயித்தார்கள்.

டார்லா ஒரு பயிற்சியையும் விடவில்லை. எல்லோரும் நடு ஆட்டம் பழகும்போது அவள் மைதானத்தின் மறுமூலையில் தனியாக, வரிசையிலிருந்து கழன்று ஓரமாக ஓடும் அந்தப் பழைய ஓட்டத்தை ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலோனாவுக்குப் பொறுக்கவில்லை. 'பிச்சை போடாதே' என்று டார்லா சொன்னதை மீறி ஆட்டத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை டார்லாவை உள்ளே அனுப்பி ஓர ஓட்டம் சொன்னாள். ஒவ்வொன்றும் கெட்டது. டார்லா கால் எடுக்கும் முன்பே எதிரணி ஓரத்தில் போய் நின்றது.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் மாரிசோல் இலோனாவிடம் வந்தாள்.

"கோச், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க."

"டார்லாவைப் பத்தின்னா சொல்லாதே."

"அவங்களைப் பத்திதான். நான் பின்னால சும்மா நிக்கிறேன்ல, எனக்கு எல்லாப் பேச்சும் காதுல விழும். டார்லாக்கா உள்ள வந்தாலே அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க, 'கிழவி வந்துட்டா, ஓரம், ஓரம்'னு கத்தறாங்க. எல்லா ஊர்க்காரங்களும் கத்தறாங்க."

"கிழவின்னா சொல்றாங்க?"

"நான் சொல்லல கோச். அவங்க சொல்றது."

இலோனா மைதானத்தின் பக்கம் திரும்பினாள். மறுமூலையில் டார்லா ஓடி, யாருமில்லாத இடத்தில் யாரையோ இடித்துவிட்டு, முட்டியைத் தடவிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"இதை அவகிட்ட சொல்லாதே," என்றாள் இலோனா. "வேற யார்கிட்டயும் சொல்லாதே."

அதன் பிறகு டார்லாவை அவள் உள்ளே அனுப்பவில்லை. டார்லாவும் கேட்கவில்லை. மீன் வறுத்த நாள் மாதிரிப் பேச்சு அவர்களுக்குள் இல்லாமல் போனது.

*

கடைசி ஆட்டம் ஈரி ஊர் அணியோடு, சொந்த மைதானத்தில். ஏரிக்கரை நெடுகப் போனால் அடுத்த மாநிலத்தில் இருக்கிறது ஈரி. அவர்களிடம் தோற்பது லொரேன்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வலிக்கும்.

ஈரிப் பெண்கள் மாரிசோலைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். நடுவில் ஏழெட்டுப் பேரைக் குவித்துவிட்டார்கள். வாண்டா நகரவில்லை, ஆனால் சந்தும் விழவில்லை. மாரிசோல் நின்றாள், நின்றபடியே விழுந்தாள். ஈரி ஐந்து புள்ளி முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. கடைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி; லொரேனுக்கு அதற்கு இன்னும் மூன்று கஜம். கடைசி வாய்ப்பு.

இலோனா நேரம் கேட்டு நிறுத்தினாள். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"டார்லா. ஹெல்மெட் போடு."

"எதுக்கு? போட்டோவுக்கா?"

"ஓர ஓட்டம். நீ எப்பவும் ஓடற மாதிரி."

டார்லா எழுந்து வந்தாள். கண் சுருங்கியது. "இந்த நேரத்துலயா? மாரிசோல் எட்டு வைக்கறதுக்குள்ள அவங்க அங்க நிப்பாங்க. உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"மாரிசோல் உன் பின்னால வரமாட்டா. நடுவுல போவா. வாண்டாவும் உள்ளதான் இருப்பா. வேற ஒருத்தியை வெளிய எடுக்கறேன்."

டார்லா ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள்.

"அப்ப நான் யாருக்கு வழி விடணும்?"

"யாருக்கும் இல்ல. நீ உள்ள வந்தாலே அவங்க ஓரம் ஓரம்னு கத்துவாங்கடி. எல்லா ஊர்லயும் உன்னைத்தான் பாக்கறாங்க. நீ எங்க ஓடறியோ அங்க பந்து வரும்னு அவங்களுக்கு மனப்பாடம்."

"எவ்ளோ நாளாத் தெரியும் உனக்கு?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா என்னைப் பெஞ்சுல தேய விட்டியா?"

"இந்தத் தந்திரத்தை முன்னாடியே காட்டியிருந்தா இன்னைக்கு நம்பமாட்டாங்க."

டார்லா ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "நிஜமா இடிப்பேன். நாடகமெல்லாம் ஆடமாட்டேன்," என்றாள்.

"நாடகம் யாரு கேட்டா?"

அவள் மைதானத்துக்குள் கால் வைத்ததுமே ஈரிப் பக்கத்தில் ஒருத்தி கை நீட்டினாள். "கிழவி! கிழவி வந்திருக்கா! ஓரம்! இடது ஓரம்!"

"கேட்டுச்சுடி, செவிடு இல்ல," என்றபடி டார்லா குனிந்து தன் இடத்தில் நின்றாள்.

பந்து புறப்பட்டது. டார்லா வரிசையிலிருந்து கழன்றாள். இத்தனை வருஷம் ஓடின அதே ஓட்டம், அதே கோணம், முட்டி மட்டும் வேறு மாதிரிச் சத்தம் போட்டது. நடுவில் குவிந்திருந்தவர்களில் மூன்று பேர் சிதறி அவள் பின்னால் ஓடினார்கள். மாரிசோல் பந்தை வாங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள்.

படிகளில் இந்தத் தடவை யாரும் கத்தவில்லை.

வாண்டாவின் இடது தோளுக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் சந்து விழுந்தது. மாரிசோல் உள்ளே போனாள். மூன்று கஜத்துக்கு இரண்டு பேர்தான் குறுக்கே இருந்தார்கள். இருவரையும் அவள் தன்னோடு கோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் விழுந்தாள்.

டார்லா இதில் எதையும் பார்க்கவில்லை. அவள் மைதானத்தின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, ஈரிப் பெண் ஒருத்தியின் மேல் விழுந்து கிடந்தாள். 'கிழவி' என்று கை நீட்டிக் கத்தினவள் அவள்தான்.

"எழுந்திரு, மூச்சு முட்டுது," என்றாள் அடியில் கிடந்தவள். "பந்து எங்க?"

"என்னைக் கேட்டா?"

"உன் பின்னாலதானே வரும்?"

"இன்னைக்கு வரல."

மைதானத்தின் நடுவிலிருந்து சத்தம் வந்தது. லொரேன் பெண்கள் எல்லோரும் ஓடிப்போய் மாரிசோல் மேல் குவிந்தார்கள். வாண்டா மட்டும் நின்ற இடத்தில் நின்றபடி கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கீழே கிடந்தவள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"அடிப்பாவி," என்றாள். "நாலு வருஷமா 'அந்தக் கிழவியை மட்டும் பாரு'ன்னுதான் எங்க கோச் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தாரு."

டார்லா முட்டியைப் பிடித்துக்கொண்டு புரண்டு உட்கார்ந்தாள். இலோனா கோட்டோரமாக ஐஸ் பையோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். இலோனா ஓடுவதை அவள் பார்த்து நாளாயிற்று.

"அதோ வர்றா பாரு, தொப்பி போட்டவ," என்றாள் டார்லா. "இப்ப சொன்னியே, அதை அவகிட்ட ஒரு தடவை சொல்லு. மெதுவா சொல்லு. 'கிழவி'ங்கறதை மட்டும் விட்டுடு."