முகத்தின் மேல் ஓர் எழுத்து

ஐவி அக்கா படியேறி வருவதை ஹெக்டர் கண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்கு நெஞ்சு மட்டுமா, கைகாலெல்லாம் குறுகுறுத்தது.

அவள் வந்த காரணம் தெரிந்ததுதான். புருஷன் பேணாட் வாடைக்காற்றில் வள்ளம் கவிழ்ந்து செத்துப்போனான். உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை. வருகிற ஞாயிறு முப்பத்தோராம் நாள் பூசை. கோயிலில் கொடுக்கும் நினைவு அட்டைக்குப் படம் வேண்டும். கலியாணத்துக்குக்கூடப் படம் பிடிக்காத மனிதன், ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் கமராவுக்கு முன்னால் நின்றான். அது ஹெக்டரின் கமரா.

அந்தக் கூத்தையும் கேளுங்கள். ஹெக்டர் கொழும்பில் டிசைன் படிக்கிற பெடியன். எழுபதாம் ஆண்டு, போன விடுமுறைக்குத் திருகோணமலை வந்தவன், புதுமை செய்யப் புறப்பட்டான். பேணாட் தலைக்கு எண்ணெய் வைத்து, பூசைக்குப் போடும் வெள்ளைச் சேட்டோடு துறைமுகத்து மதிலில் சாய்ந்து நின்றான்.

"முகம் வடிவா விழவேணும் தம்பி. ஐவிக்குக் குடுக்க."

"ஓம் அண்ணே" என்றான் ஹெக்டர். பிலிமில் மிச்சம் இருந்ததே ஒரு படம். வீட்டுக்கு வந்து, கறுப்பு மட்டையில் ஒட்டிய வெள்ளை 'க' எழுத்தை, பிலிமைச் சுற்றாமல் அதே படத்தின் மேலேயே இன்னொரு தடவை பிடித்தான். கடலுக்கு 'க'வாம்! எழுத்தும் மனிதனும் ஒன்றாகக் கலக்கும் என்று நினைத்தான். வெள்ளை எழுத்து முகத்தை முழுசாய்த் தின்றுவிட்டது; ஓரத்தில் ஒரு காது மட்டும் தப்பியது. கொழும்பில் அதற்குத்தான் முதற்பரிசு கொடுத்தார்கள். நாசமாய்ப் போன பரிசு!

பிலிம் பழுதாகிவிட்டது என்று பொய் சொல்லலாமா என்று பார்த்தான். வாய் வரவில்லை. அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்து நீட்டினான்.

ஐவி வாங்கிப் பார்த்தாள். "வடிவாத்தான் கிடக்கு. இந்த எழுத்தைக் கொஞ்சம் அங்காலை தள்ளி விடுங்கோ தம்பி."

"ஏலாது அக்கா."

"ஏன் ஏலாது? எழுத்து மேலைதானே கிடக்கு. அவர் பின்னாலை நிக்கிறார்."

"பின்னாலை ஒண்டுமில்லை அக்கா. நான்தான் அழிச்சுப்போட்டன்."

சொல்லிவிட்டுக் கதிரையைப் பிடித்துக்கொண்டான். ஏசுவாள், மண்ணள்ளித் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட ஏங்கினான். அவளோ எழுத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். வெறும் கடுதாசிதான் கிளம்பியது. சுரண்டுவதை நிறுத்தினாள்.

"காது அவரின்ரைதான்" என்றாள். "சனத்துக்குத் தெரியாட்டிலும் எனக்குத் தெரியும். இதையே அட்டையிலை போடுவிச்சுத் தாங்கோ."