சாட்சியில் சாத்தப்பட்ட கதவு

சாட்சி சொல்வதில், அதாவது கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் மைக்கில் சொல்வதில், ஒரு வரிசை உண்டு. எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் துடியலூர்ப் பக்கத்து அந்தச் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். புற்றுநோய் போனதென்றால் முதல் இடம். கனடா விசா அதற்கடுத்தது. குடியை விட்ட புருஷன் பிறகுதான். அவன் அடுத்த மாதமே மறுபடி ஆரம்பித்துவிடக்கூடும் என்பதால் கொஞ்சம் யோசித்துத்தான் மைக்கைக் கொடுப்பார்கள். கர்ப்பப்பை ஆபரேஷனெல்லாம் வரிசையின் வாலில், தொலைந்த ஸ்கூட்டி சாவி கிடைத்த சாட்சிக்குச் சற்று மேலே நிற்கும்.

பியூலாவிடம் இருந்தது கர்ப்பப்பை ஆபரேஷன்தான். தையலில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, எழுந்து நடக்க முடியாமல் கிடந்ததில் அதற்குக் கொஞ்சம் மவுசு கூடியிருந்தது. அதனால் சனிக்கிழமை நடந்த பெண்கள் எழுப்புதல் முகாமில் அவளுக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கினார்கள். பாஸ்டரம்மா கிளாடிஸ் முன்கூட்டியே பயிற்சியும் கொடுத்தார்.

"சகோதரி, இருட்டு நல்லா இருட்டா இருந்தாத்தான் வெளிச்சம் எடுபடும். டாக்டர் பேரு, ஆஸ்பத்திரி பேரு, யாரு சமைச்சாங்க, யாரு துவைச்சாங்க, இதெல்லாம் வேண்டாம். மகிமை ஒருத்தருக்குத்தான். தெரியுதுங்களா?"

தெரிந்தது. சமைத்ததும் துவைத்ததும் பக்கத்து வீட்டு வரலட்சுமி அக்கா. அக்காவின் வீட்டுக்காரர் கோவை கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சாமி படங்களால் சுவர் தெரியாத நாயுடு வீடு. பியூலா படுத்திருந்த நாளெல்லாம் காலையில் கஞ்சி, மத்தியானம் ரசம் சோறு, சாயங்காலம் ஒரு டம்ளர் ராகி என்று காம்பவுண்டு சுவரைச் சுற்றி வந்துகொண்டே இருந்தவர். சிக்குப் பிடித்த தலைமுடியை எண்ணெய் வைத்து, வலிக்காமல், ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பிரித்தெடுத்தவர்.

மைக்கை வாங்கியபோது பியூலாவுக்குப் பொய் சொல்லும் உத்தேசம் கிடையாது. "நான் தனியாப் படுத்திருந்தேன்" என்று ஆரம்பித்தாள். உண்மைதான், கட்டிலில் இரண்டு பேர் படுக்கவா முடியும்? முன்வரிசையில் ஒரு ஸ்தோத்திரம் விழுந்தது. "என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருவார்" என்றாள். அதுவும் உண்மை. அதற்கும் ஓர் ஆமென் வந்தது. பம்ப் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற மனுஷனுக்கு எதற்கு ஆமென் என்று யாரும் யோசிக்கவில்லை. கீபோர்டு வாசிப்பவர் மெல்லச் சோகமாக எதையோ பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தம் அடியில் ஓட ஆரம்பித்ததும் பியூலாவின் குரல் தானாகவே நடுங்கியது. நடுங்கிய குரலுக்கு ஏற்ற வார்த்தை வேண்டுமே.

"ஒரு வாய்த் தண்ணி கொடுக்க ஆளில்லைங்க" என்றாள்.

ஹால் முன்னால் சாய்ந்தது.

"அக்கம்பக்கத்துல எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டாங்க. மனுஷர் கைவிட்டாங்க. அப்பத்தான் கர்த்தர் வந்து என் கட்டில் பக்கத்துல உக்காந்தார்!"

ஹாலே எழுந்து நின்றது. கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் கஞ்சியும் ஸ்பூனுமாக இருந்தார் என்பது பியூலாவுக்கு அந்த நொடி ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய். வந்தது. வந்ததை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். கனடா விசாக்காரி கட்டிப்பிடித்து அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் பியூலாவைப் பார்த்துச் சிரித்ததுகூட இல்லை.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் ஜெபராஜ் ஹாலில் லைட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எப்படிங்க இருந்துச்சு? லைவ் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அக்கா வீட்டுல."

பியூலா கைப்பையைக் கீழே வைத்தாள்.

"அவங்கதான் கூப்பிட்டாங்க. 'உங்க ஊட்டம்மா பேசறாங்களாமா, எங்க டிவி பெருசு, இங்க வந்து பாருங்க'ன்னு. அவங்க பொண்ணு ஷ்ரவ்யா போன்ல இருந்து டிவிக்குப் போட்டுவிட்டா. காரமடையில இருந்து அவங்க நாத்தனாரை வேற வரச் சொல்லியிருந்தாங்க. நல்ல சேலை கட்டியிருந்தாங்க, பியூலா. போண்டா சுட்டிருந்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? போண்டாவை வாயில வச்சேன். அந்த நேரம் பார்த்து நீ கதவைச் சாத்திட்ட. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"நாத்தனார்தான் கேட்டுச்சு. 'ஏனுங்க அண்ணி, கதவைச் சாத்திக்கிட்டீங்களாமா?'ன்னு. சிரிச்சுக்கிட்டுதான் கேட்டுச்சு. அக்கா எந்திரிச்சு, 'மாடியில துணி காயுது, எடுத்துப்போட்டு வாரேன்'னுட்டுப் போனாங்க. நான் கிளம்பற வரைக்கும் கீழ வரல."

மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் வரலட்சுமி துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பியூலா தொண்டையைச் செருமினாள்.

"அக்கா, குழாய்ல ஆத்துத் தண்ணி வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

அவ்வளவுதான். திட்டவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. 'வா கண்ணு, போ கண்ணு' என்று வந்துகொண்டிருந்த வாயிலிருந்து, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக் கிடைக்கிற மரியாதை கிடைத்தது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு அழுதாவது தீர்த்திருக்கலாம். மரியாதையை என்ன செய்வது?

பியூலா முழங்காலில் நின்று கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டாள். அது சுலபமாகத்தான் இருந்தது. அவர் மன்னித்தும் இருப்பார். ஆனால் அவர் நாத்தனார் முன்னால் தலைகுனிந்தவர் இல்லையே. எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவள் வீட்டுக்குக் கஞ்சி வந்த எவர்சில்வர் தூக்கு பக்கத்து வீட்டுத் திண்டில் கவிழ்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஜெபித்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது.

அப்போது இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. படுத்திருந்தபோது சபையிலிருந்து ஒருமுறை பார்க்க வந்தார்கள். ஒரு கிலோ திராட்சை, அரை மணி நேர ஜெபம். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததும் அக்காதான். பாஸ்டரம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை தூக்கலா இருக்கு, வேற போட்டுட்டு வாம்மா. சம்பளம் எவ்வளவு கொடுக்கறாங்க?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே, "நல்லாக் கொடுக்கறாங்கங்க" என்று சொல்லி வேறு காப்பி போட்டுக் கொண்டுவந்தார். பியூலா கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் என் அக்கா மாதிரி என்று சொல்லத் தெம்பில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். காய்ச்சல் அன்று விட்டிருந்தது. தெம்பு இருந்தது.

திங்கட்கிழமை பாஸ்டரம்மாவே போனில் வந்தார். "சகோதரி, உங்க சாட்சியைத்தான் எல்லாரும் பேசறாங்க. ஈரோட்டுல பெரிய பெண்கள் கூட்டம். உங்களைத்தான் கேக்கறாங்க!"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஈரோட்டுக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று பியூலாவின் மனசு பீரோவைத் திறந்து பார்த்துவிட்டது. பிறகு அதை அறைந்து சாத்தினாள்.

"அம்மா, அதுல ஒரு தப்பு இருக்குதுங்க. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர்தான் எல்லாம் செஞ்சாங்க. நான் சொன்னது பொய்."

"பொய்யின்னு ஏன் சொல்றீங்க? உணர்ச்சியில வந்த வார்த்தை. அவங்க நம்ம ஜனமா?"

"இல்லீங்க. நாயுடு."

பாஸ்டரம்மா யோசித்தார். "அப்ப ஒன்னு பண்ணலாம். வேதத்துல தீர்க்கதரிசிக்குக் காக்கா அப்பம் கொண்டுவந்து கொடுத்துச்சில்ல? அதுபோல கர்த்தர் ஒரு காக்காயை அனுப்பினார்னு சொல்லிருங்க. பேரும் வராது, விஷயமும் வந்துரும். ரொம்ப ஆழமா இருக்கும்."

வரலட்சுமி அக்காவிடம் போய், 'அக்கா, உங்களைச் சேர்த்துட்டோம், காக்காயா' என்று சொல்வதாக நினைத்துப் பார்த்தாள் பியூலா. போனை வைத்துவிட்டு நேராக அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அக்கா அடுக்களையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். பியூலா வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, என்னை மன்னிச்சிருங்க. எனக்கு எப்படி அந்த வார்த்தை வந்துச்சுன்னே தெரியல. நீங்க இல்லைன்னா நான் பொழைச்சிருக்க மாட்டேன். நீங்க செஞ்சதை எல்லாம்..."

"என்னத்தப் பெருசா செஞ்சுபோட்டனுங்க. எல்லா ஊட்டுலயும் செய்யறதுதானுங்க."

"இந்த 'ங்க' வேண்டாங்கக்கா. திட்டுங்க."

வரலட்சுமி அவரையை முறத்தில் போட்டார். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பேரு வேணும்னா கேட்டேன்? என்ற பேரைச் சொல்லாம விட்டிருந்தீன்னா மனசு ஒன்னும் ஆயிருக்காது. உங்க சாமி செஞ்சாருன்னு சொல்லோணும்னா சொல்லீட்டுப் போ. நான் கதவைச் சாத்தினேன்னு ஏன் சொன்ன? என்ற நாத்தனா கீதா ஊருக்குப் போயி என்ன சொல்லியிருப்பான்னு நினைக்கற? அவளுக்கு முன்னால நான் இருபது வருசமா ஒரு சொல் வாங்காம..." முடிக்கவில்லை. "அத்தனை சனத்துக்கு முன்னால மைக்குல சொல்லிப்போட்டு, இப்ப அடுக்களைக்கு வந்து என்ற காதுல அழிக்கற. இங்க யாரு இருக்கறா? நானும் அவரைக்காயும்தான்."

அது சரிதான். பியூலா அடுக்களையைத் தேடி வந்ததே அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால்தான்.

ஞாயிறு ஆராதனையில், சுருக்கமான சாட்சி நேரத்தில், கையைத் தூக்கினாள். பாஸ்டரம்மா மலர்ந்த முகத்தோடு மைக்கை நீட்டினார்.

"போன வாரம் முகாமுல நான் சொன்னது பொய்ங்க" என்றாள் பியூலா.

கீபோர்டு நின்றது.

"யாரும் கதவைச் சாத்தல. பக்கத்து வீட்டு வரலட்சுமி அக்கா எனக்குச் சோறு ஊட்டினாங்க. தலை சீவிவிட்டாங்க. பாத்ரூமுக்குத் தாங்கிட்டுப் போனாங்க. கர்த்தர் என்னைப் பார்த்துக்கிட்டது அந்த அக்கா கையாலதான். அந்தக் கையை மறைச்சிட்டு அவருக்கு மகிமைன்னு சொன்னேன். நீங்க எல்லாரும் அழுதீங்க, எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அதுக்காகத்தான் சொன்னேன்."

ஆமென் வரவில்லை. பின்வரிசையில் ஒருவர் இருமினார். இன்னும் சொல்ல இருந்தது. ஆனால் பாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு துதிப் பாடலை எடுத்துவிட்டார், சபை நன்றியோடு சேர்ந்துகொண்டது.

வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் கனடா விசாக்காரி பியூலாவைக் கண்டதும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டு போகவில்லை. கண்ணாடியைத் தூக்கி, சுற்றிலும் பார்த்துவிட்டு, கிட்டே வந்தாள்.

"நானும் ஒன்னு சொல்லட்டுங்களா? விசா விஷயத்துல பணம் கட்ட வழியில்லாம நின்னேன், அற்புதம் நடந்துச்சுன்னு சொன்னேன்ல. எங்க மாமியார் வளையலைக் கழட்டிக் கொடுத்தாங்க. சாட்சியில அவங்களைச் சத்துருன்னு சொல்லியிருந்தேன்." ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கியிருந்தது. "எப்படிங்க சொன்னீங்க? கால் நடுங்கலையா?"

"இப்பவும் நடுங்குதுங்க" என்றாள் பியூலா. விசாக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தலை குனிந்து நின்றார்கள். அந்த வளாகத்தில் அன்றைக்கு நடந்த ஜெபங்களில் அதுதான் மிகச் சின்னது.

மத்தியானம் சபையின் யூடியூபில் ஆராதனை ஏறியது. சாட்சி நேரம் இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டிருந்தார்கள்.

பியூலா போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். வரலட்சுமி ஹாலில் புடவை மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னிக்கு மைக்குல எல்லாத்தையும் சொன்னேன். உங்க பேரைச் சொன்னேன். வீடியோவுல இருந்து எடுத்துட்டாங்க."

"அப்படீங்களா." நம்பின மாதிரியும் தெரியவில்லை, நம்பாத மாதிரியும் தெரியவில்லை. பொய்யைப் பெரிய டிவியில் பார்த்தவரிடம், உண்மைக்கு மட்டும் வெறும் வாயைக் கொண்டுவந்தால் அப்படித்தான்.

"உங்க நாத்தனார் நம்பர் கொடுங்கக்கா."

"எதுக்கு?"

"அவங்ககிட்ட நானே சொல்றேன். நீங்க இருக்கும்போதே."

 வரலட்சுமி தன் போனிலேயே நாத்தனாருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, மடித்த புடவை மேல் வைத்துவிட்டு, ஒதுங்கி உட்கார்ந்து அடுத்த புடவையை எடுத்தார்.

"சொல்லுங்கண்ணி" என்றது காரமடை.

"நான் பியூலாங்க. அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு. அன்னிக்கு டிவியில பேசினேன்ல?"

"அட, அந்த அம்மணியா! இப்ப உடம்பு எப்படிங்க இருக்குது?"

"நல்லாருக்குங்க. நல்லாருக்கறதே உங்க அண்ணியாலதான். நான் அன்னிக்குச் சொன்னது பச்சைப் பொய். கைதட்டலுக்காகச் சொன்னேன்." எல்லாவற்றையும் சொன்னாள், கஞ்சி, ரசம், பாத்ரூம், சிக்குப் பிடித்த தலை, வேலைக்காரி என்று நினைத்து ஒருத்தர் சம்பளம் கேட்டது காதில் விழுந்தும், தெம்பிருந்தும், வாய் மூடிக் கிடந்தது வரைக்கும். கடைசியாகச் சொன்னது வரலட்சுமிக்கே புதுசு. அவர் புடவையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

அந்தப் பக்கம் கீதா, "அய்யய்யோ" என்றார். பிறகு, "ஏனுங்க, இதை முன்னாலயே சொல்லக்கூடாதா? நான் எங்க மாமியார், எங்க பெரியப்பா, பால் சொசைட்டிக்காரம்மா, எல்லார்த்துகிட்டயும் சொல்லிச் சிரிச்சுப்போட்டேனே!"

பியூலா வரலட்சுமியைப் பார்த்தாள். வரலட்சுமி சுவரைப் பார்த்தார். காது மட்டும் இங்கேயே இருந்தது.

"அவங்க நம்பரும் கொடுங்க" என்றாள் பியூலா.

"வெளையாடறீங்களா?"

"இல்லீங்க. ஒவ்வொன்னாச் சொல்லுங்க."

முதலில் வந்தது பெரியப்பாவின் நம்பர். நாலைந்து முறை மணி அடித்தபின், காது மந்தமான ஒரு கிழக்குரல் சத்தமாக, "ஆருங்க அது?" என்றது.

"ஐயா, வணக்கங்க" என்று பியூலாவும் சத்தமாகவே, தெருவுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று ஆரம்பித்தாள். "என்னை உங்களுக்குத் தெரியாதுங்க. எங்க வரலட்சுமி அக்காவைப் பத்தி ஒன்னு சொல்லோணும்."