அனாதைப் பெட்டியிலிருந்து எடுத்த கேபிள்

"எங்க மேல எப்படிம்மா பழி போடுறீங்க? எங்க மாமா கைபட்டா செத்த மெஷினும் எழுந்து உக்காரும்!"

"மெஷின் உக்காந்துச்சு தம்பி. எங்க அக்காவோட டிஸ்க்தான் படுத்துருச்சு."

கடையின் முன்பக்கம் என் மச்சானும் வாடிக்கையாளரின் தங்கையும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் தடுப்புக்குப் பின்னால் அவர்கள் கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டிருந்தேன். வாடிக்கையாளரான அக்கா சண்டையில் கலந்துகொள்ளாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பழைய டிஸ்க்குக்கு ஆயுசு முடிஞ்சிருச்சுன்னா நாங்க என்ன எமனா?" என்றான் மச்சான்.

ஆயுசு முடிந்தது என்று அவனுக்குச் சொன்னவன் நான்தான்.

எங்கள் கடை கம்ப்யூட்டர் பார்ட்ஸ் மட்டும் விற்ற கடை. போன வருஷம் வியாபாரம் படுத்ததும், கம்ப்யூட்டரை நாமே சேர்த்துக் கொடுக்கலாம் என்று நான் அடம்பிடித்தேன். மச்சான் வேண்டாம் என்றான். "தனியா வித்த சாமான் கெட்டா கம்பெனி பொறுப்பு மாமா. சேர்த்துக் குடுத்தா நாம கல்யாணத் தரகர். எல்லாச் சண்டையும் நம்ம தலையிலதான் விடியும்." நான் சிரித்தேன். கண்ணாடிக் கதவில் 'கம்ப்யூட்டர் சேர்த்துத் தரப்படும்' என்று எழுத்து ஒட்டினேன்.

ஸ்டூலில் இருந்த அந்த அம்மா பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்பவர். நாலு வருஷக் குரல் அந்தப் பழைய டிஸ்க்கில் இருந்தது. வேறு நகல் இல்லை. புது மெஷினுக்குள் அதையும் மாட்டித் தரச் சொன்னார்.

புது பவர் சப்ளையோடு வந்த கேபிள் அந்தப் பழைய டிஸ்க் வரைக்கும் எட்டவில்லை. ஜோடி இல்லாத கேபிள்களைப் போட்டுவைக்கும் பெட்டிக்கு நாங்கள் அனாதைப் பெட்டி என்று பேர் வைத்திருந்தோம். அதிலிருந்து நீளமாக ஒன்றை எடுத்தேன். வாய் கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம், லேசான கருகல் வாடை. புது மெஷின் ஓடியது, பழைய டிஸ்க் மட்டும் எழவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது திறந்து பார்த்தபோதுதான் உறைத்தது. அது வேறு கம்பெனி கேபிள். வாய் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிருக்கிறது. எத்தனை பேருக்கு நானே இதைச் சொல்லி எச்சரித்திருப்பேன்!

கேபிளைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தேன்.

"எங்க மச்சான் பேர்ல தப்பில்லம்மா. நான்தான் கேபிளை மாத்தி மாட்டிட்டேன்."

அந்த அம்மா கழுத்துத் துணியை விலக்கினார். தொண்டையில் ஆபரேஷன் தழும்பு. காற்றும் கரகரப்புமாக ஒரு குரல் வந்தது.

"திருப்பி வாசிக்கலாம்னா... இந்தக் குரலை எந்தப் பிள்ளைப்பா கேக்கும்?"

டிஸ்க்கை மீட்பவர்கள் இரண்டு பேரிடம் நானே கொண்டுபோனேன். இருவரும் கைவிரித்தார்கள்.

மச்சான் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த நாள் பிளேடால் கதவு எழுத்துகளைச் சுரண்டினான். 'தரப்படும்' போய்விட்டது. 'சேர்த்து' இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீதியைச் சுரண்ட அவனும் போகவில்லை, எனக்கும் கை வரவில்லை.

கடை வைத்திருப்பவர்களே, இப்படிக் கருகிய டிஸ்க்கை மீட்டவர் யாரையாவது தெரியுமா? பார்ட்ஸ் விற்கிறவன் சேர்த்துக் கொடுக்கும் வேலைக்குப் போகலாமா, கூடாதா? தயவுசெய்து பதில் எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.