கரிமேல் நில்லாத பொன்

1

இந்தக் கதைக்கு விதை ஒரு விஞ்ஞானச் செய்தி. பென்சில் கரியின் மேல் கண்ணுக்கே தெரியாத பொன்துகளை வைத்தால் அதற்குப் பிடிமானமே இருக்காதாம். லேசாகத் தள்ளினாலும் வழுக்கி ஓடுமாம். இடையில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தால்தான் நிற்குமாம். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பொன்துகளையே கதாநாயகன் ஆக்கிவிட்டேன். ஆனால் அதற்கு ஒரு தாய் உண்டா, கல்யாணம் உண்டா? கதை நகரவில்லை.

2

'1984. கோல சிலாங்கூரில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு—'

(வேண்டாம். மழையில் தொடங்கினால் யாராவது சாக வேண்டியிருக்கும்.)

'அம்சவள்ளியின் முகத்தில் நாணம்—'

(அவளுக்கு அது வராது.)

சரி, நேராகவே சொல்கிறேன். மலேசியத் தோட்டமொன்றின் லய வீடுகளில் அம்சவள்ளிக்கும் நாலு வீடு தள்ளியிருந்த அழகேசனுக்கும் காதல், கல்யாணம் வரை வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கும் நாள். பெண் அங்கே வரக்கூடாது என்பது வழக்கம். அதனால் அவள் சன்னலுக்கு வெளியே நின்றாள்.

அழகேசனுக்கு ரவாங் தொழிற்சாலையில் வேலை. பூட்டு இறுகினால் பென்சில் கரியைத் தூளாக்கித் தேய்ப்பான். பொன் ஒட்டிச் சேதாரமாகக் கூடாதென்று, பொன் உருக்க வந்த பத்தர் சின்னையாவின் கரிக்கட்டையையும் அதே தூளால் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான். உருகிய பொன் மணியாகத் திரண்டது. பத்தர் ஊதியதும் வழுக்கி, அவன் தாய் இராஜம்மாவின் காலடியில் விழுந்தது.

"தாலிப் பொன்னு தரையில விழுந்திருச்சே! இந்தக் கல்யாணம் வேணாம் லா!"

பத்தர் கெஞ்சினார். இராஜம்மா கொஞ்சம் இறங்கினாள்: இன்னும் ஒரே தரம். விழுந்தால் பந்தலைப் பிரித்துவிட வேண்டியதுதான்.

(இதற்கெல்லாமா கல்யாணத்தை நிறுத்துவார்கள்? என் மனைவி நவமணியிடம் கேட்டேன். "சாம்பார்ல உப்பு பத்தலைன்னே நிறுத்தியிருக்காங்க. எழுதுங்க.")

3

அழகேசன் மறுபடியும் பென்சில் தூளை எடுத்தான். "இன்னும் கொஞ்சம் நைசாக்கிட்டா சரியாயிரும் பத்தரே."

அம்சவள்ளிக்குப் பொறுக்கவில்லை. வழக்கமாவது ஒன்றாவது! செருப்பை வாசலில் உதறினாள். அதில் காய்ந்திருந்த மண்ணைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"நீ தேய்ச்சது போதும்! கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தான் எதுவும் நிக்கும்!"

கரியில் மண்ணை அழுத்தித் தேய்த்தாள்.

"தாலிக்குச் செருப்பு மண்ணாடி?" இராஜம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"நம்ம தோட்டத்து மண்ணுதானே அத்தை."

4

முடிவு அ: பொன் நின்றது. கெட்டிமேளம். (பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: பொன் வழுக்கியது, இராஜம்மாவே பதறி முந்தானையில் ஏந்திக்கொண்டாள். (எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. ஆனால் பொன்னோ நெருப்பு, சேலையோ நைலக்ஸ்.)

முடிவு இ: பத்தர் ஊதுவதை நிறுத்திவிட்டார். கரியின் விளிம்பில் பொன்மணி ஆடிக்கொண்டிருக்கிறது. அழகேசன் கண்ணை மூடிக்கொண்டான். இராஜம்மாகூட, பாருங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அம்சவள்ளி மட்டும் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள்.

"இவ்வளவு கிட்டக் குனிஞ்சு படிக்கிறீங்களே, மூச்ச விட்றாதீங்க. நான் அவனக் கட்டிக்கணும் லா."