இரண்டு நிமிடக் குரல்பதிவு

டெனிஸ் அண்ணன் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டால் அது லேசில் முடியாது. முதலில் எல்லாருக்கும் வணக்கம், பிறகு மழை, பிறகு பேத்திக்குப் பல் முளைத்த கதை. விஷயம் கடைசியில்தான் வரும். அதனால் திங்கட்கிழமை அவர் அனுப்பிய இரண்டு நிமிடப் பதிவை காஞ்சனா பத்து நொடி கேட்டாள், கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டாள், தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

பாக்கார் ஆராங் ஊரில் தன் வீட்டிலிருந்தபடியே, உதவி கேட்பவர்களையும் தொண்டர்களையும் ஒரு செயலி வழியாகச் சேர்த்துவைப்பவள் அவள். சம்பளம் கிடையாது, நல்ல பேர் உண்டு. அந்தப் பேர் அவளுக்குப் பிடித்துமிருந்தது. சிடாம் கிரி தோட்டத்தில் இருக்கும் பழனியாண்டியை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு ஏற்றிப்போவது டெனிஸ். ஒரு நாளும் தவறியதில்லை. ஆகவே செவ்வாய் காலை, வழக்கம்போல, வண்டி கிளம்பும் முன்பே காஞ்சனா செயலியில் 'முடிந்தது' என்று தட்டிப் பச்சையாக்கிவிட்டாள். திரையில் சிவப்பு கிடந்தால் அவளுக்கு ஆகாது.

புதன் மாலை டெனிஸ் கூப்பிட்டார். புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"நேத்து பழனியாண்டி அண்ணன யாரு ஏத்திக்கிட்டுப் போனது, தங்கச்சி? வேற ஆள் பாருங்கன்னு வாய்ஸ்ல சொன்னேன்லா."

காஞ்சனா போனை வைத்தாள். அவசரமாகச் செயலியைத் திறந்தாள். பழனியாண்டி வீட்டிலிருந்து பதில் வந்திருந்தது: உதவி கிடைத்தது, ஐந்து நட்சத்திரம். வெட்கக்கேடுதான், ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் ஏற்றிப்போனது யார்? அந்த வீட்டுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பழனியாண்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கால்கள் வீங்கிப் பளபளத்தன. நேற்றுக் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை, தேய்த்த சட்டையோடு தோட்டத்து முச்சந்தியில் நின்றிருக்கிறார். காஞ்சனா அவரையும் அவர் மனைவி ரமணியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் காரை விரட்டினாள்.

நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று சொல்லி அவரை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே உட்கார்ந்து காஞ்சனா அந்தப் பச்சையை அழிக்கப் பார்த்தாள். செயலி காரணம் கேட்டது. பயனாளி வீட்டில் இல்லை. முகவரி தவறு. பயனாளி போன் எடுக்கவில்லை. பயனாளி மறுத்துவிட்டார். அவ்வளவுதான் பட்டியல். எங்கள் தவறு என்று ஒரு வரி இல்லை. அந்தப் பட்டியலை எழுதிக்கொடுத்தவளே அவள்தான். போனைப் பைக்குள் போட்டுவிட்டு ரமணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, வண்டி வராததுக்கு நான்தான் காரணம். டெனிஸ் அண்ணன் சொன்னத நான் கேக்கல. கேக்காமலே முடிஞ்சதுன்னு போட்டுட்டேன்."

ரமணி கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அஞ்சு ஸ்டார் போட்டது நான்தான், தங்கச்சி. வரலன்னு சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு பயம்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இப்ப உண்மையச் சொல்லிட்டேன். வண்டி லிஸ்ட்லேர்ந்து அவரு பேர வெட்டிற மாட்டீங்கதானே?"