கடைசி நாற்காலி

...மண்ணெண்ணெய்தான் தப்பு, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தபோதே பாதிக் கறை போயிருந்தது, மீதியை அப்படியே விட்டிருந்தால் நேரத்துக்கு வந்திருக்கலாம், இந்த நாற்காலியில் உட்கார நேர்ந்திருக்காது என்று மரியநாயகம் தன் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், இன்ஜின் கொட்டகையில் வருஷக்கணக்காய் ஊறின எண்ணெய் ஒரு காலையில் போய்விடுமா, ஆனால் பெரிய வியாழனன்று கோவிலில் சாமியார் கழுவப்போகிற காலை வீட்டிலேயே கழுவிக்கொண்டு வருவதுதான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசைவீட்டு ஆண்களின் வழக்கம், அழுக்குக் காலை அவர் கையில் கொடுக்க யாருக்கு மனம் வரும், பெண்டாட்டி மகதலேனாதான் சிரித்தாள், "அவர் கழுவத்தானே போறாரு, நீங்களே கழுவிட்டா அவருக்கு என்னங்க வேலை?" என்று... சிரிக்கட்டும், இப்போது பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, இப்போது சிரிக்கட்டுமே.

பன்னிரண்டு நாற்காலி, சேசுநாதர் கால் கழுவின பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், முதல் நாற்காலி தலைமைச் சீடர் இராயப்பர், கடைசி நாற்காலி காட்டிக்கொடுத்த யூதாஸ். எந்தச் சாமியாரும் அப்படிச் சொன்னதில்லை, லயம் தானாகவே வைத்துக்கொண்டது. கடைசியில் கால் கழுவப்படுகிறவனுக்கு அடுத்த பெரிய வியாழன் வரை குழாயடியில் அதுதான் பெயர். ஈஸ்டர் கழித்து மகள் டோரிஸைத் தன் பையனுக்குப் பெண் பார்க்க வரப்போகிற கிள்ளான் ஊர்ப் பாக்கியநாதர், நல்ல நாள் பார்த்து இன்றைக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார், யூதாஸ் மகளை யார் கட்டுவார்கள்... மைத்துனன் ஸ்டானிஸ்லாஸைப் பார், விடியுமுன்னே ஓடிவந்து முதல் நாற்காலியைப் பிடித்துவிட்டான், டிக்கெட் கொடுக்கிறவன் அல்லவா, வரிசையின் அருமை தெரிந்தவன். "வாங்க மச்சான், உங்களுக்குன்னே ஒண்ணு காலியா வச்சிருக்கோம்" என்றான். பக்கத்து நாற்காலி சவரிமுத்து மூக்கைச் சுளித்து, "என்னண்ணே, லாம்பை ஒடச்சிட்டு வந்தீங்களா?" என்கிறான். "பேசாம இரு லா" என்று முணுமுணுத்தான்... சேசுநாதருக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும், தெரிந்துதானே அந்தக் காலுக்கு முன்னாலும் முழங்காலிட்டார், யாரிடம் போகப்போகிறது என்று தெரிந்த காலை எப்படிப் பிடித்திருப்பார், கொஞ்சம் அழுத்தியா, யூதாஸ்தான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான், என்னைப்போல் பெருவிரலையா...

கண்ணை நிமிர்த்தினால் எதிரே சாமியாரின் வழுக்கைத் தலை. ஊருக்குப் புதிதாய் வந்த பிரெஞ்சு சாமியார், உபதேசியார் தண்ணீர்ச் செம்பை இந்தக் கோடியில் வைத்ததால் இங்கேயே முழங்காலிட்டுவிட்டார், அவருக்கு முதல் எது கடைசி எது என்று யார் சொன்னார்கள், வரிசை முழுக்க ஒரு இருமல் ஓடிற்று. அப்படியானால் நான் இராயப்பர்! அந்தக் கோடியில் ஸ்டானிஸ்லாஸின் முகம் வெளுப்பதைப் பார்க்க மரியநாயகத்துக்குச் சந்தோஷத்தில் கால் ஆடிற்று, உடனே நினைவு வந்தது, பெண்ணின் தாய்மாமன் யூதாஸானாலும் இழுக்குத்தானே, போகட்டும், அப்பனைவிட மாமன் மேல்... சாமியார் பாதத்தைக் கையிலெடுத்தார், முகர்ந்தார், தும்மினார். பிறகு அண்ணாந்து பார்த்து மெதுவாக, "எனக்கு ஒன்றும் மீதி வைக்கவில்லையே" என்றார். மகதலேனா சொன்னதேதான், யார் சொல்லிக்கொடுத்தது இவருக்கு? மூன்று சொட்டுத் தண்ணீர், ஒரு துடைப்பு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முத்தம், சவரிமுத்துவிடம் நகர்ந்துவிட்டார். அவ்வளவுதானா?

அவ்வளவுதான். இராயப்பரும் சேவல் கூவுமுன் மறுதலித்தவர்தானே, மற்றவர்களும் தோட்டத்திலிருந்து ஓடினவர்கள்தானே, எந்த நாற்காலி நல்ல நாற்காலி என்று யோசித்தபடி அவன் எட்டிப் பார்த்தான். சாமியார் ஸ்டானிஸ்லாஸிடம் வந்திருந்தார். இடம்பிடிக்கும் அவசரத்தில் செங்கல் சூளைப் பள்ளத்தில் இறங்கி ஓடிவந்திருக்கிறான் படுபாவி, கணுக்கால் வரை சிவப்புக் களிமண், நாற்காலிக்கடியில் இழுத்து இழுத்து ஒளிக்கிறான். "விடுங்க சுவாமி, வேணாம் சுவாமி" என்கிறான். சாமியார் விடவில்லை. காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார், இன்னொரு செம்பு தண்ணீர் கேட்டார், விரலிடுக்கில் விரல் விட்டுத் தேய்த்தார், அங்கி நனைகிறது, அவருக்குக் கவலையில்லை, கோவிலே காத்திருக்கிறது. பாக்கியநாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரியநாயகம் குனிந்து, பளபளவென்றிருந்த தன் பாதத்தைப் பார்த்தான். அதற்குள் அது காய்ந்துவிட்டிருந்தது.