அடுத்த சுற்றில் மீதி

பல்செட் செய்வது உட்கார்ந்த இடத்து வேலை. யாரோ ஒருவரின் ஈறு பதிந்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, மெழுகை இளக்கி, ஒவ்வொரு பல்லாக நட்டு, கோணல் பார்த்து, பிடிக்காவிட்டால் பிடுங்கி மறுபடி நட வேண்டும். வருஷக்கணக்கில் குனிந்தே அதைச் செய்துவந்தவளுக்கு நாற்பதைத் தொடும் முன்பே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. போதாக்குறைக்கு, ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்தது எப்போது என்று யோசித்தால் அதுவும் ஞாபகம் வரவில்லை. அதனால் வருஷத்தின் முதல் நாளே கணவனிடம் அறிவித்துவிட்டாள்: வருஷம் முடிவதற்குள் பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவது, மாதம் ஒரு புத்தகம் படிப்பது.

பஸ் ஓட்டும் கணவன் சிரிக்கவில்லை. "ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிக்கணுமா?" என்று மட்டும் கேட்டான்.

அவன் கேட்டது சரியாகத்தான் போயிற்று. ஓடிய நாளில் புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்கியது. கண் விழித்துப் படித்தால் மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் மாதம் வந்தபோது ஷூ கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. நூலகத்தில் எடுத்துவந்த தடிமனான நாவல் ஒன்று, இருபதாம் பக்கத்தில் ஒரு பழைய டிக்கெட்டைக் கவ்விக்கொண்டு சோபாவோடு சோபாவாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மாமியார் வந்து சேர்ந்தார். கண் புரை எடுத்த கையோடு, இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் அழைத்து வந்திருந்தான். ரொம்ப நாளாக எல்லாவற்றையும் மங்கலாகவே பார்த்துப் பழகியவர். புதுக் கண்ணாடி போட்டதும் எதைப் பார்த்தாலும் படித்தாக வேண்டும் போலிருந்தது அவருக்கு. சோப்பு உறையைப் படித்தார், மின்சார பில்லைப் படித்தார், மருந்து அட்டையின் பொடி எழுத்தைக்கூட விடவில்லை. அதெல்லாம் தீர்ந்ததும் சோபாவிலிருந்த நாவலைக் கையில் எடுத்தார்.

ஒரு சாயங்காலம் மருமகள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இந்தப் படகுக்காரன் அநியாயமா செத்துப் போறானே, உனக்கு மனசு கேட்டுச்சா?"

"அத்தை! நான் இன்னும் இருபதாம் பக்கத்துலயே இருக்கேன்!"

"அடடா," என்று நாக்கைக் கடித்துக்கொண்டார் மாமியார். "சரி, சாகலைன்னு வச்சுக்கோ."

எப்படி வைத்துக்கொள்வது? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு, இனி முந்திக்கொண்டு எதையும் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தமாயிற்று. மாமியார் வாயைக் கட்டினாரே தவிர முகத்தைக் கட்டவில்லை. "எந்தப் பக்கத்துல இருக்கே?" என்று கேட்பார். பதில் வந்ததும் "ம்ம்ம்" என்று ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு தாங்காமலே மருமகள் அடித்துப் பிடித்துப் படித்து நாவலை முடித்தாள்.

அடுத்த புத்தகத்தில் அவள் உஷாராகிவிட்டாள். வேலைக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போனாள். மாமியாருக்கு வீட்டில் பகல் நகரவில்லை.

"நீ இப்பல்லாம் ஓடப் போறதே இல்லையே," என்றார் ஒரு நாள், கரிசனம் சொட்டச் சொட்ட. "காலையில போயிட்டு வந்தா உடம்புக்கு நல்லதுதானே?"

"நான் ஓடப் போனா புத்தகம் வீட்ல இருக்கும், அதானே?"

"அப்படியும் வச்சுக்கலாம்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "நீங்களும் வாங்க. நான் ஓடறேன், நீங்க உட்கார்ந்து படிங்க."

குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குளம், அதைச் சுற்றி நடைபாதை, ஒரு பெஞ்சு. மாமியார் சால்வையைப் போர்த்திக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்தார். மருமகள் இரண்டு சுற்று முடிப்பதற்குள் நாக்குத் தள்ளி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு முட்டும்போது மனசுக்கு ஏதாவது பிடிமானம் வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தை அவளே மீறினாள்.

"என்ன ஆச்சு கதையில?"

"அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் வீட்டுக்குத் தெரியாம ரயில் ஏறிட்டாங்க."

"அப்புறம்?"

மாமியார் பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மீதியை அடுத்த சுத்துல சொல்றேன்."

அப்படித்தான் அது தொடங்கியது. ரயில் காட்டு நடுவில் நின்றது. தண்டவாளத்தில் ஒரு வெள்ளைக் குதிரை தறிகெட்டு ஓடியது. தங்கை அதைப் பிடிக்கப் போய் வழி தவறினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துண்டு, அதுவும் கழுத்தைப் பிடித்து நிறுத்துவது போன்ற இடத்தில். நடக்க வந்த ஒரு தம்பதி பெஞ்சு அருகே வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு நடையை மெதுவாக்கினார்கள். வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது. அந்தப் புத்தகத்தை மாமியார் நூலகத்தில் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்; ஓடாத நாட்களில் மருமகள் வேறு புத்தகங்களைப் படித்தாள். சுற்றுகள் கூடின; பெஞ்சருகே நிற்காமல், அதே இடத்தில் கால் மாற்றி ஓடியபடியே கதை கேட்கப் பழகினாள். மருமகள் எண்ணுவதையே விட்டுவிட்டாள்; மாமியார்தான் எண்ணினார்.

ஒரு நாள் காலை, கதையில் அக்கா தங்கியிருந்த வீட்டில் தீப்பிடித்தது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாரு?"

"ஓடிட்டு வா."

ஓடிவந்தாள். "யாரு அத்தை?"

"முதல்ல உன் கைக்கடிகாரத்தைப் பாரு."

பார்த்தாள். அதில் ஓடிய தூரம், நிற்காமலே, பத்து கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஈரப்புல்லில் அப்படியே உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டார்.

ஓட்டம் சரி. ஆனால் காதால் கேட்டதைப் படித்த கணக்கில் சேர்க்க அவளுக்கு மனசாட்சி இடம் தரவில்லை. அந்த வார விடுமுறையில் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ரயில் வந்தது. குதிரை வரவில்லை. பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தாள். அட்டையைத் திருப்பிப் பெயரைச் சரிபார்த்தாள். காடும் இல்லை, தீயும் இல்லை.

சமையலறையில் மாமியார் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, குதிரை எங்க?"

"எந்தக் குதிரை?"

"வெள்ளைக் குதிரை. அதுக்காக நான் வேகாத வெயில்ல ஓடியிருக்கேன்!"

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை போல இருந்தது முகம்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? அந்த இடத்துல நீ நிக்கப் பார்த்தே. புத்தகத்துல பார்த்தா ரெண்டு பேரும் ஜன்னல் ஓரமா உட்கார்ந்து மழையைப் பார்க்கறாங்க. நாலு பக்கத்துக்கு மழை! அதைச் சொன்னா நீ ஓடுவியா?"

வயிறு வலிக்கச் சிரித்தாள் மருமகள். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களால தான் அத்தை... எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"வீட்டுக்குள்ள என்ன நன்றியுரை? தண்ணியைக் குடி." கத்தியைத் திரும்ப எடுத்தவர், சீவாமல் கையிலேயே வைத்திருந்தார். "உன் மாமனார் போனதுக்கு அப்புறம் நான் என்ன சொன்னாலும் எல்லாரும் 'சரிம்மா, சரிம்மா'ன்னுதான் கேட்டுக்குவாங்க. நீதான் மூச்சு வாங்க ஓடிவந்து 'அப்புறம்?'னு கேட்டே. உனக்கு நான் என்ன செஞ்சேன்னு சொல்றே?"

மருமகள் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தேவைக்கு மேலேயே கிழங்கு சீவிவிட்டார்கள் அன்றைக்கு.

புத்தகக் கணக்கு வருஷக் கடைசியில் எட்டோடு நின்றுபோனது. அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கடைசி நாள் காலை கணவனுக்கு விடுமுறை. அவனும் குளக்கரைக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். எதிர்க்கரையில் ஓடும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். மகன் உடம்பை முழுக்க அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தான். இந்த இரண்டு பேரும் தனக்கு வாய்த்ததை நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பெஞ்சை நெருங்கியபோது அவர்கள் பேச்சை வெட்ட மனம் வரவில்லை. காலில் இன்னும் தெம்பு இருந்தது. நிற்காமல் அடுத்த சுற்றுக்குப் போனாள்.